மேல்பல் வைத்த மாடு

பிப்ரவரி 11

அண்ணிக்கு வணக்கம்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து தொண்டையைக் கனைப்பார், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். இதையும் அவரிடம் காட்டத்தான் போகிறீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். அவருக்கே நேராக எழுதியவற்றுக்குப் பதில் வரவில்லை. டாக்டர் கையெழுத்து புரியவில்லை என்று ஒரு சாக்கு இருக்கவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கால்நடைத் தொழில் பயிற்சி நிலையத்தில் தேறியவர்கள் மூன்று பேர் போன வாரம் எங்கள் பால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மூவர் கையிலும் தங்க ஓரம் போட்ட சான்றிதழ். மூவருக்கும் 'மிகச் சிறப்பு'. அதற்குக் கீழே ஒரு தரம் உங்கள் நிலையத்தில் உண்டா என்று தெரியவில்லை.

முதலாமவர் கண்ணாடிக்காரர். எங்கோ குமாஸ்தாவாக இருந்து வேலை போனவர். பாவம், இந்த வயதில் புதுத் தொழில் கற்க வந்திருக்கிறார். கொட்டிலுக்குள் நுழைந்ததும் நேராக ஒரு மாட்டின் பின்னால் போய் நின்று அதன் இடுப்பில் ஒரு தட்டு தட்டினார். மாட்டுக்கு நேர் பின்னால் கண் தெரியாது. அது உதைத்தது. மனிதர் சாணி வாய்க்காலில் விழுந்தார். கண்ணாடி, சாணி வாரும் இயந்திரத்தோடு அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஏன் பின்னாடி போனீங்க?" என்று கேட்டேன்.

"சார் அப்படித்தாம்மா காட்டினார். அங்க இருந்த மாடு ஒண்ணும் செய்யலையே."

"எந்த மாடு?"

"ஃபைபர் மாடு."

இரண்டாமவள் ஊசியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். உள்ளே இருந்தது மனிதர் உடம்பில் போகக்கூடாத மருந்து. மூன்றாமவர் வந்த அன்றே என்னிடம் ரகசியமாக, "ஆபீஸ்ல ஏதாவது வேலை இருக்குங்களா?" என்று கேட்டார். மூவரில் புத்திசாலி அவர்தான்.

திறப்பு விழாவன்று அந்த ஃபைபர் மாட்டைப் பார்த்து நான் சிரித்தது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். பூங்காவுக்குப் பொம்மை செய்கிறவரிடம் செய்யச் சொன்னால் அப்படித்தான் வரும். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது அண்ணி. உங்கள் மாடு வாயெல்லாம் பல்லாக, பற்பசை விளம்பரம் மாதிரி நிற்கிறது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணன் 'கால்நடைப் பணியில் பாதுகாப்பு' பற்றி உரையாற்றுகிறார். நான் அழுதிருக்க வேண்டுமா?

ஆட்களை அனுப்புவதை நிறுத்துங்கள். முடியாதென்றால், உயிருள்ள மாட்டோடு ஒரு வாரமாவது நிற்க வைத்துவிட்டு அனுப்புங்கள். மாடு நான் தருகிறேன்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 19

டாக்டரம்மா அவர்களுக்கு,

மரியாதையாக 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். படித்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது எங்களுக்கும் தெரியும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டினால் மனிதர் இரண்டு வேளை சாப்பிட மாட்டார், அதற்கும் நான்தான் கெஞ்ச வேண்டும். உங்களுக்கு எழுதிப் போட்டால் வேலை முடிந்தது. குடும்பம் நடத்துகிறவள் நான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் அண்ணனும்தான் மாட்டு டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் உங்களுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் 'எங்க வீட்டு டாக்டர்' புராணம்தான். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஒரு மனிதர் தானாக ஒரு நிலையத்தை எழுப்பி, வேலை வெட்டி இல்லாமல் நின்ற எத்தனையோ பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மாதச் சம்பளத்துக்கு வழிகாட்டுகிறார். நீங்கள் யாருக்காவது வழி காட்டியிருக்கிறீர்களா? வாசலைத்தான் காட்டியிருப்பீர்கள்.

அன்று நீங்கள் சிரித்தது மாட்டைப் பார்த்து என்கிறீர்கள். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் கண் மாட்டின் மேல் இல்லை.

மாட்டின் பின்னால் போகக்கூடாது, ஊசியைக் கடிக்கக்கூடாது. சரி. அதைச் சொல்லிக் கொடுக்கத்தானே பெரிய படிப்புப் படித்த நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்? வருகிறவன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே வந்தால் உங்களுக்கு எதற்குச் சம்பளம்? கண்ணாடிக்காரர் விழுந்ததும் நீங்கள் கை கொடுத்துத் தூக்கினீர்களா, இல்லை கேள்வி கேட்டீர்களா? கடிதத்தில் கேள்வி மட்டும்தான் இருக்கிறது.

ஆட்கள் வேண்டும் என்று கேட்டது உங்கள் பண்ணை முதலாளி. தொண்டை வறளப் போனில் கேட்டார். வேண்டாமென்றால் அவரிடம் சொல்லுங்கள், எங்களிடம் ஏன் வீறாப்பு? அடுத்த அணியில் ஒருத்தி வருகிறாள். இங்கே எல்லாரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். ஏனென்று வந்ததும் தெரியும். துணிக்கடையில் சேலை விரித்துக்கொண்டிருந்த பெண். கடையை மூடிவிட்டார்கள். அவளையாவது கடித்துத் துப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணி

*

மார்ச் 14

அண்ணிக்கு,

ரேடியோ வந்து சேர்ந்தாள். பெயர்க் காரணம் பேருந்திலிருந்து இறங்கும்போதே புரிந்தது. ஓட்டுநரிடம் பேசிக்கொண்டே இறங்கினாள், அவர் வண்டியைக் கிளப்பிய பிறகும் நிறுத்தவில்லை. மாடுகளிடம் பேசுகிறாள். எந்தத் துணி சாயம் போகும், பழைய கடைக்காரர் மகன் யாரோடு ஓடிப்போனான், எல்லாம் மாடுகளுக்குத் தெரியும். என் தலைவலிக்குக் காரணம் அவள்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால் அவள் எங்கே நிற்கிறாள் என்று மாட்டுக்குத் தெரிகிறது. மிரள்வதில்லை. தனக்கே தெரியாமல் அவள் சரியாகச் செய்யும் ஒரே காரியம் அது. மற்றபடி வந்த அன்று மாட்டின் அலைதாடியைத் தொட்டுக் காட்டி "இதுதானே மடி?" என்று கேட்டாள். அலைதாடி என்பது கழுத்தில் தொங்கும் தோல் அண்ணி. உங்களுக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

நேற்று உங்கள் கணவர் இங்கே எழுந்தருளினார். நிலையத்துக்கு விளம்பரப் படம் எடுக்க வேண்டுமாம். கேமராக்காரர் ஒருவர், குடை பிடிக்க ஒருவர். அண்ணன் கோட்டு போட்டிருந்தார். பால் பண்ணையில் கோட்டு!

"ஏய், அந்த மாட்டை என் பக்கம் திருப்பச் சொல்லு. முகம் தெரியணும்."

"மாட்டு முகமா, உங்க முகமா?"

"ரெண்டும்தான். உன் வாயை மட்டும் மூடு."

திருப்பினோம். அண்ணன் கேமராவைப் பார்த்து, "கால்நடைகள் நம்மிடம் எதிர்பார்ப்பது அன்பு ஒன்றைத்தான்" என்று தொடங்கினார். மாடு அவர் கோட்டின் ஓரத்தை நக்க ஆரம்பித்தது. பிறகு அதை வாய்க்குள் இழுத்தது. மனிதர் போட்ட கூச்சலில் வரிசையாகப் பத்து மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. "இதுக்கு ஊசி போட்டாச்சா? இதுக்கு ஊசி போட்டாச்சா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எந்த ஊசி என்று அவருக்கும் தெரியாது.

ரேடியோதான் பேசிக்கொண்டே மாட்டின் தோளோரம் போய் நின்று, மெதுவாகத் தள்ளி, கோட்டை மீட்டுக் கொடுத்தாள். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு, "வெரிகுட். நான் சொல்லிக்குடுத்ததை மறக்கலையே" என்றார்.

"நீங்க சொன்னது வேற சார்," என்றாள் அவள். குறும்பு கிடையாது, நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். கேமராக்காரர் அதையும் பதிவு செய்திருப்பார். வெட்டிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 22

டாக்டரம்மாவுக்கு,

படப்பிடிப்புப் பற்றி உங்கள் அண்ணன் சொன்ன கதை வேறு. மாடு அவரை விட்டு நகரவே மறுத்ததாம். வாயில்லா ஜீவனுக்கும் மனிதர் அருமை தெரிகிறது என்றார். நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். கோட்டைத் துவைத்தது நான்தான். அதில் ஒட்டியிருந்தது பாசம் மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் அவரைக் கேலி செய்யுங்கள், உடன்பிறந்தவள், உரிமை இருக்கிறது. ஆனால் கூடவே என்னையும் சேர்த்துச் சிரிக்கக் கூப்பிடாதீர்கள். நான் வரமாட்டேன்.

ரேடியோ இங்கே படித்தபோது மத்தியானம் என் மேஜைக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிடுவாள். இப்போதுதான் என் காதுக்கு ஓய்வு. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளை எந்த மாட்டிடமும் தனியாக விடவேண்டாம். சான்றிதழில் என்ன போட்டிருந்தாலும் சரி, விடவேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் பதில் எழுத மாட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 9

அண்ணி,

இந்தக் கடிதத்தில் கேலி இருக்காது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை ரேடியோவை ஒரு மாடு மோதி நசுக்கிவிட்டது. உயிரோடு இருக்கிறாள். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, விலா எலும்புகள் சில. ஒன்று நுரையீரலைக் குத்தியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தது. நடப்பாளா என்று கேட்டால் மருத்துவர்கள் 'பார்ப்போம்' என்கிறார்கள். நானும் மாட்டுக்காரர்களிடம் இந்த 'பார்ப்போம்' சொல்கிறவள்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவளை ஈற்றுக் கொட்டிலில் போட்டிருந்தோம். கன்று போடப்போகும் மாடுகளைத் தனித்தனி அறையில் விடும் இடம். அன்று ஒரு தலையீத்து மாடு, அதாவது முதல் தடவை கன்று போடும் மாடு, விடியும் முன்பே பிரச்சினையில்லாமல் கன்று போட்டுவிட்டது. கன்றைத் தூக்கிக் கன்றுக் கொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாயை மறித்து நிற்க, இன்னொருவர் கன்றைத் தூக்க. கொட்டில் மேஸ்திரி வேறு வேலையாகப் பக்கத்துக் கொட்டிலுக்கு வந்திருந்தார். கன்று நடுங்குகிறது என்று ரேடியோ தனியாக உள்ளே போயிருக்கிறாள்.

சாதுவான மாடு அது. முந்தின நாள்கூட அவள் அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஆனால் கன்று போட்ட மாடு முந்தின நாள் மாடு இல்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கன்றின் மேல் குனிந்திருக்கிறாள். தலையால் முட்டிச் சுவரோடு அழுத்தி, அவள் விழுந்ததும் முழங்காலை மடக்கி மேலே இறங்கியிருக்கிறது. அந்த அறைக்கு மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் கதவு, அதை மறித்து மாடு. அவளுக்குப் போக வழி இல்லை.

"பேசிக்கிட்டேதான் இருந்தா டாக்டர். சத்தம் நின்னுச்சு. அப்பத்தான் திரும்பிப் பார்த்தேன்," என்றார் மேஸ்திரி. பெரிய ஆள், முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். முதல் கேள்வி, "நம்ம நிலையத்துப் பேரு வெளிய வந்துச்சா?"

அப்புறம், "கன்று போட்ட மாட்டுக்கிட்ட எப்படிப் போகணும்னு நான் உயிருள்ள மாட்டை வச்சே கிளாஸ் எடுத்திருக்கேன். அவ கவனக்குறைவு, அவ்வளவுதான். விசாரணைக்கு வந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்" என்றார்.

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து விசாரணை உண்டு. அண்ணி, அந்த உயிருள்ள மாடு எது? எங்கே கட்டியிருந்தீர்கள்? வரவேற்பறையிலா?

நாத்தனார்

*

ஏப்ரல் 17

டாக்டரம்மா,

நீ எங்கே இருந்தாய்?

எல்லாரையும் எழுதினாயே. மேஸ்திரி எங்கே, மாடு எங்கே, கதவு எங்கே, உன் அண்ணன் போனில் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. நீ எங்கே என்பது மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை. 'நீங்கள்' எல்லாம் இனி என்னால் முடியாது. அது உனக்குப் போட்ட கோட்டு, கழற்றிவிட்டேன்.

தனியாக விடவேண்டாம் என்று எழுதினேனா இல்லையா? என் வாழ்க்கையில் உன்னிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்டேனா? வீட்டில் பங்கு கேட்டேனா? அதைப் படித்துவிட்டு என்ன செய்தாய்? 'இவளுக்கு என்ன தெரியும்' என்று மடித்து வைத்திருப்பாய். மாட்டின் கழுத்துத் தோலுக்குப் பெயர் தெரியாதவள் சொன்னால் அது ஒரு பேச்சா?

மூன்று பக்கம் சுவர், போக வழி இல்லை என்கிறாய். அந்தச் சுவர் அன்று காலையிலா முளைத்தது? நீ அங்கே எத்தனை வருஷமாக மாடு பார்க்கிறாய்? ஃபைபர் மாட்டின் வாயில் பல் எண்ணத் தெரிந்தவளுக்கு, கண்ணெதிரே இருக்கும் அறையில் வழியில்லாதது தெரியவில்லையா?

உன் அண்ணன் வீட்டுக்குள் கூண்டுப் புலி மாதிரி நடக்கிறார். ஒரு நாள் வாடகைக்கு ஒரு மாடு கொண்டுவந்ததாகவும், வெளியே மைதானத்தில் வகுப்பு எடுத்ததாகவும் சொல்லப்போகிறாராம். என்னைக் கேட்டால், "நான் அன்னிக்கு லீவு, எனக்குத் தெரியாது" என்று சொல்லச் சொல்கிறார். நான் எப்போது லீவு போட்டேன்? காய்ச்சலோடு படுத்திருந்த அன்றுகூட அந்த ஃபைபர் மாட்டைத் துடைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

பொய் சொல்வேன் என்றோ மாட்டேன் என்றோ நான் எழுதவில்லை. அது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள விஷயம். நீ உள்ளே வராதே.

அவள் பேசுகிறாளா? அதை மட்டும் எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 25

அண்ணி,

கேட்டதற்குப் பதில். நான் பக்கத்துக் கொட்டிலில் இருந்தேன். கன்று குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்ட ஒரு மாட்டுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு நின்றிருந்தேன். மேஸ்திரியைக் கயிறு இழுக்கக் கூப்பிட்டதும் நான்தான். ஈற்றுக் கொட்டிலில் அப்போது அவள் மட்டும் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

'தனியாக விடவேண்டாம்' என்ற உங்கள் வரியைப் படித்தேன். நீங்கள் எழுதியபடிதான் நடந்தது. சிரித்தேன், மடித்து வைத்தேன். ஆள் பற்றாக்குறை. அவள் சான்றிதழில் 'ஈற்றுப் பராமரிப்பு: மிகச் சிறப்பு' என்று இருந்தது. அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவள், ஆள் வேண்டியபோது அதையே காரணமாகக் காட்டினேன். இதை விசாரணையிலும் சொல்வேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவளிடம் கேட்டுவிட்டேன்.

பேசுகிறாள். விலா வலியால் மெதுவாக, ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று சொல். அவள் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. நேற்று சொன்னாள்:

"உங்க அண்ணி சொல்லித்தான் அனுப்பினாங்க டாக்டர். 'அங்க என் நாத்தனார் இருக்கா. வாய் கொடுமை. ஆனா கைகாரி, வேலை தெரிஞ்சவ. அவ முதுகோட ஒட்டிக்கிட்டே நில்லு, உனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னாங்க."

வந்த முதல் வாரம் அவள் என் பின்னாலேயேதான் சுற்றினாள் அண்ணி. எங்கே திரும்பினாலும் நின்றாள். பேச்சுத் தாங்காமல் நான்தான் அவளை ஈற்றுக் கொட்டிலுக்கு அனுப்பினேன்.

கைகாரி என்று நீங்கள் என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மறுத்து எழுதுவீர்கள், தெரியும்.

விசாரணை மே 6. அவள் மருத்துவமனையிலிருந்து வர முடியாது. அவள் கவனக்குறைவானவள் என்று உங்கள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லப்போகிறார். அந்த நிலையத்தில் ஒரு நாளும் உயிருள்ள மாடு கால் வைத்ததில்லை என்பது அங்கே தினமும் இருந்த ஒருவருக்குத்தான் தெரியும். நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாலும் 'அன்று லீவு' என்பீர்கள். என்னைப் பொய்யாக்க ஆசையிருந்தால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

நாத்தனார்

*

மே 10

டாக்டரம்மா,

முதலில் அந்தக் கைகாரி விஷயம். பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்ல ஏதோ சொன்னேன். அதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளாதே.

விசாரணையன்று நீ காலையிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ஏதோ மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது என்று கிளம்பிவிட்டாய். நடைபாதையில் என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்துக்கொண்டோம். அதன்பின் நடந்தது உனக்குத் தெரியாது. மற்றவர் வாயால் கேட்டால் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். உன் அண்ணன் அழகாகப் பேசினார். அதில் குறை சொல்ல முடியாது. வாடகை மாடு, மைதானம், மாணவர்கள் வட்டமாக நின்றது, எல்லாம் சினிமா மாதிரி வந்தது. எனக்கே ஒரு நிமிஷம் அந்த மாடு கண்ணில் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவர் "அந்தப் பொண்ணு அன்னைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தா, கவனிக்கலை" என்றார். அந்தச் சொல்தான். அதுவரை 'லீவு' என்று சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

என்னைக் கேட்டாள். "அந்த மாடு என்ன நிறம்மா?"

"எந்த மாடுங்க?"

"வகுப்புக்குக் கொண்டுவந்த மாடு."

"மாடு எதுவும் வரலைங்க. எங்ககிட்ட இருக்கிறது ஃபைபர் மாடு. ரெண்டு பேர் தூக்கி ஓரமா வச்சிடலாம். கன்று போட்ட மாடு எப்படி இருக்கும்னு அந்தப் பொண்ணு என்னைத்தான் கேட்டுச்சு. எனக்குத் தெரியாது, அங்க போனா காட்டுவாங்கன்னு சொன்னேன். சான்றிதழை அடிச்சுக் குடுத்ததும் நான்தான். அது தப்புன்னு அடிக்கும்போதே தெரியும்."

உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி வழக்கத்துக்குக் கேட்டாள். நானும் எழுந்திருக்கத்தான் போனேன். அப்புறம் உட்கார்ந்தேன்.

"சொல்லணுங்க. அந்த அறைக்கு மூணு பக்கம் சுவர். மாடு கதவுப் பக்கம் நின்னா மனுஷனுக்கு வெளிய வர வழி கிடையாது. அங்க டாக்டர் இருக்காங்க, என் நாத்தனார். பெரிய படிப்பு. இத்தனை வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டேதானே இருந்தாங்க? பொம்மை மாட்டை வச்சுச் சொல்லிக்குடுத்தது தப்புன்னா, வழியில்லாத அறைக்குள்ள ஆளை அனுப்பினது மட்டும் சரியா? ரெண்டையும் எழுதிக்குங்க."

அவள் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எழுதினாள். உங்கள் முதலாளியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உனக்காக வந்தேன் என்று நினைக்காதே என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவரும் நீயும் எனக்கு ஒரே துணியில் வெட்டிய இரண்டு துண்டு. ஒருவருக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேச வரும். இன்னொருத்திக்குத் தெரிந்ததை வைத்துச் சிரிக்க வரும். நடுவில் அந்தப் பெண் நின்றாள்.

அவரோடுதான் வீடு திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நீ யார் பக்கம்?" என்றார். நாக்கு வரைக்கும் பதில் வந்தது. "சாப்பிட வாங்க" என்றேன். வரவில்லை. நிலையத்து ஹாலில் போய்ப் படுத்துக்கொள்கிறார். சாப்பாடு கட்டி அனுப்புகிறேன், பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வருகிறது. அவ்வளவு கோபத்திலும் பசிக்கிறது.

ரேடியோவைப் பார்த்துவிட்டு வந்தேன். மருத்துவமனைக்கு நீ தினமும் வருவதாகச் சொன்னாள். தலை வாரிவிடத் தெரியவில்லை உனக்கு. சிக்கு எடுக்க எனக்கு அரை மணி ஆனது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உன் அண்ணி

*

ஜூன் 2

அண்ணி,

எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

உத்தரவு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். உயிருள்ள மாடும், அதைக் கையாளத் தெரிந்த ஓர் ஆளும் வரும்வரை நிலையம் மூடியிருக்க வேண்டும். கொடுத்த சான்றிதழ்கள் செல்லாது. பண்ணைக்குத் தனி உத்தரவு. அதில் என் பெயரும் இருக்கிறது, எச்சரிக்கையோடு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் தெருவுல நிறுத்திட்டீங்க" என்று கத்தினார். எங்கள் வீட்டு ஆட்கள் இருவர் சேர்ந்து செய்த ஒரு காரியம் இதுவரை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சுவரைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேள்விப்பட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். ஒரு நாள் முழுதும் மனசுக்குள் உங்களைத் திட்டினேன். நல்ல நல்ல வசவுகள் வந்தன, எழுதி வைக்காமல் போனேன். மறுநாள் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்த்தேன். மாடு இல்லாதபோதே மூச்சு முட்டியது. வெளியே வந்து முதலாளியிடம் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னேன். உத்தரவு அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது. இது தேதிக்காகச் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை.

ரேடியோ நடைபழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கிறாள். மருத்துவச் செலவைப் பண்ணையும் நிலையமும் ஏற்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. குணமானதும் மாட்டு வேலைக்குத் திரும்ப மாட்டாளாம். "மாடுங்க மேல கோவம் இல்ல டாக்டர். பயம்" என்றாள். சரியான முடிவு என்றேன். அவளைச் சமாதானப்படுத்தி மறுபடி கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வேறொரு துணிக்கடையில் கேட்டிருக்கிறாள். உட்கார்ந்து செய்யும் வேலை. தலையை இப்போது நர்ஸ் வாரிவிடுகிறார், என்னை விடுவதில்லை.

இங்கே புதிதாக வருகிறவர்கள் முதல் ஒரு மாதம் யார் முதுகையாவது ஒட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கண்ணாடிக்காரர் என் முதுகில். பேச்சு குறைவு, ஆனால் தினமும் மூன்று தடவை என் காலை மிதிக்கிறார்.

இப்போது கொத்தனார் விஷயம். ஈற்று அறைகள் எல்லாவற்றிலும் பக்கச் சுவரில் ஆள் நுழையும் சந்து விடுகிறோம். மனிதர் பக்கவாட்டில் நழுவிவிட வேண்டும், மாட்டின் தலை மட்டும் இடித்து நிற்க வேண்டும். கொத்தனார் தன் உடம்பை அளவாக வைத்து முதல் சந்தை உடைத்தார். அவர் ஒட்டடைக் கம்பு. மேஸ்திரி நுழையப் போய் மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அகலப்படுத்தினோம். நான் நுழைந்தேன், பரவாயில்லை. "இன்னும் கொஞ்சம் விடணுமா, போதுமா?" என்று கொத்தனார் மட்டப்பலகையோடு நிற்கிறார்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது அண்ணி. உங்கள் உடம்பு நுழைந்துவிட்டால் இந்தப் பண்ணையில் நுழைய முடியாத ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். பூச்சு வேலையை வெள்ளிக்கிழமை வரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலைப் பேருந்தில் வாருங்கள்.

நாத்தனார்